யாருடைய துடிப்பு

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்றைக்குக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் அந்த வாயே வறண்டு ஒட்டிக்கொண்டது.

கட்டிலில் கிடந்தவள் சுஜா, என் தம்பி ஜெஸ்டினின் மனைவி. போன தடவை குளத்தூரிலிருந்து வரும் வழியிலேயே வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பு நின்றுவிட்டது. அதனால் இந்தத் தடவை வலி எடுத்த உடனேயே கூட்டி வந்துவிட்டோம். வயிற்றில் பெல்ட் கட்டி, பிள்ளையின் இதயத்தைக் கேட்கிற மெஷினை மாட்டினார்கள். நூற்று நாற்பது காட்டியது. நான் புதியம்புத்தூரில் ஓட்டுகிற தையல் மெஷின் மாதிரி படபடவென்று சத்தம்.

நர்ஸ் வனிதா சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போன நேரம் பார்த்து என் அம்மா நுழைந்தாள். முந்தானைக்குள் ஜெபம் பண்ணின எண்ணெய்க் குப்பி. பெல்ட்டுக்கு அடியிலும் கையை விட்டு வயிறு முழுக்கத் தடவினாள்.

"ஏம்மா, இங்கனயுமா?" என்று பல்லைக் கடித்தேன்.

"தடவட்டும் மைனி, பயமா இருக்கு" என்றாள் சுஜா.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மெதுவானது. திரையைப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து.

"சிஸ்டர்! இங்கன வாங்க சிஸ்டர்!"

ஓடி வந்தவர் சுஜாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "மெஷின் காட்டுதது இவிய நாடி. பிள்ளையோடது இல்ல."

"அப்போ பிள்ளைக்கு?"

சிஸ்டர் பெல்ட்டை நகர்த்தினார், வழுக்கியது. "யாரு எண்ணெய் போட்டது?" அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு இடது பக்கம் வைத்தார், வலது பக்கம் வைத்தார். வெறும் இரைச்சல். ஆண்டவரே, இதையும் எடுத்துக்கொள்ளாதேயும் என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினேன்.

தொப்புளுக்குக் கீழே ஓரிடத்தில் அழுத்தியபோது அந்தப் படபடப்பு திரும்ப வந்தது.

"இருக்கு. நல்லாருக்கு" என்று சிஸ்டர் மூச்சு விட்டார்.

அம்மாவைத் திட்ட வாயெடுத்தேன்.

"பேசாதீங்க மைனி, எனக்குச் சத்தம் கேக்கணும்" என்றாள் சுஜா.

சிஸ்டர் நாடி பார்த்த மாதிரியே அவள் தன் மணிக்கட்டைத் தானே பிடித்திருந்தாள். கண் மெஷின்மேல் இருந்தது. வலியில் உடம்பு முறுக்கியபோதும் விரலை எடுக்கவில்லை.

"ரெண்டும் வேற வேறதான மைனி?"

"வேறதான் ஏட்டி."

அடுத்த வலியிலும் அதையே கேட்டாள். அதற்கடுத்த வலியிலும் கேட்டாள். எனக்கு எரிச்சலே வரவில்லை. ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

பிள்ளை வந்து விழுந்து வீறிட்டது. பொம்பளப் பிள்ளை. சிஸ்டர் அதைத் தூக்கி அவள் நெஞ்சில் போட்ட பிறகுதான் சுஜா தன் மணிக்கட்டை விட்டாள்.