நாலாவது கிண்ணம்

"மூக்கால ஊதுடா! வாயால இல்ல, மூக்கால!"

சைமா மகனின் வலது மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு கத்தினாள். மூன்று வயது அஷ்ஃபாக் கன்னம் இரண்டையும் உப்ப வைத்து வாயால் ஊதினான். அம்மாவின் முகமெல்லாம் எச்சில் தெறித்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அழுகை வந்தது.

இடது மூக்கில் ஒரு கொண்டைக்கடலை.

சாயங்காலச் சுண்டலுக்காக ஊறப்போட்டது. பாதிதான் ஊறியிருந்தது. மீதி ஊறல் இப்போது மூக்குக்குள் நடக்கும். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். மஞ்சளாக ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. விரலை விட்டால் இன்னும் உள்ளே போய்விடும்.

அடுப்பில் நோன்புக் கஞ்சி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மணி நாலே முக்கால்.

"ஷாஸியா! அத்தாவுக்கு போன் போடு!"

எட்டு வயது ஷாஸியா சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்கு வாழ்க்கையில் முதல் நோன்பு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத உதடு வெளுத்திருந்தது.

"அத்தா டியூட்டில இருப்பாங்கம்மா."

"போடுடீன்னா!"

ஹமீத் உடனே எடுத்துவிட்டான்.

"என்னங்க, தம்பி மூக்குல கடலைய போட்டுக்கிட்டான். வெளிய வர மாட்டேங்குது."

"மூச்சு வுடறானா?"

"வுடறான். அழுவறான்."

"ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. நான் வந்துடறேன்."

லைன் கட்டானது.

வந்துடறேன். போன நோன்புப் பெருநாளுக்கும் இதே வார்த்தைதான். அதற்கு முந்தின பெருநாளுக்கும் இதே வார்த்தைதான். மூன்று வருடமாக துபாயிலிருந்து வந்துகொண்டிருப்பது இந்த ஒரு வார்த்தை மட்டும்தான் என்று சைமாவுக்குத் தோன்றியது. கசப்பை விழுங்கக்கூட நேரமில்லை. பையனைத் தோளில் தூக்கினாள். துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் செல்வநாயகி.

பக்கத்து வீடு. பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குப் பிசிறு சீவுகிற வேலை. முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்து அப்பியிருக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் நேராக இங்கேதான் வருவாள். உப்பு பார்க்க. நோன்பு வைத்திருக்கிற சைமா கஞ்சியை நாக்கில் வைக்க மாட்டாள். அதனால் பதினேழு நாளாக இந்த வீட்டுக் கஞ்சிக்கு உப்பு, காரம், புளிப்பு எல்லாவற்றையும் தீர்மானிப்பது செல்வநாயகியின் நாக்கு.

"என்னாடி, ரோடு வரைக்கும் கேக்குது இவன் கச்சேரி?"

"கடலைக்கா. மூக்குல."

செல்வநாயகி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"எறக்கு. மடியில போட்டுக்க. நல்ல மூக்க அடைச்சிப் புடி. அவன் வாய்க்குள்ள உன் வாய வெச்சி 'புஸ்'ஸுன்னு ஒரே ஊது. எங்க பிரவீன்குமாரு சட்டை பட்டன போட்டுக்கிட்டப்ப நர்ஸம்மா இதத்தான் செய்யச் சொன்னாங்க. பெத்தவ செஞ்சாதான் புள்ள வாயத் தொறக்கும்."

சைமா குனிந்தாள். குனிந்தவள் நின்றாள். பையனின் வாயெல்லாம் எச்சில். ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால்? காலையிலிருந்து காத்த நோன்பு.

"என்னா யோசன?" என்று அதட்டினாள் செல்வநாயகி. "புள்ளைக்கு மூச்சு முட்டுது, இதுக்கெல்லாமா அல்லா கோச்சிக்குவாரு? ஊதுடி!"

ஊதினாள்.

டப்.

கடலை பறந்து போய்ச் செல்வநாயகியின் கன்னத்தில் ஒட்டியது. அஷ்ஃபாக் கன்னத்தைப் பார்த்தான். கைதட்டினான்.

"இன்னோரு வாட்டி!"

செல்வநாயகி கடலையை எடுத்து உற்றுப் பார்த்தாள். "இத சுண்டல்ல போட்டுறாத தாயி."

ஷாஸியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சைமாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே ஹமீதுக்குச் செய்தி அனுப்பினாள். 'கடலை வந்துடுச்சு. பயம் இல்ல.'

இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

அப்போதுதான் மூக்கில் ஏறியது அந்த வாசனை.

"ஐயோ, கஞ்சி!"

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அடி பிடித்திருந்தது. குருணை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, நூறு கிராம் கொத்துக்கறி. மூன்று மணியிலிருந்து நின்று கிண்டியது. செல்வநாயகி கையைக் கழுவிவிட்டு வந்து, கரண்டியின் நுனியில் எடுத்து, உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"அடி புடிச்சிருக்குது. மேலாக்க வேற சட்டியில ஊத்து. சொரண்டிராத. தேங்காப்பால் ஊத்துனா வாசன அடங்கிடும்."

"உப்பு?"

"உப்பு சரியா இருக்குது. நீதான் சரியா இல்ல. மொகத்தப் பாரு, சூளையில வேகாத பொம்ம மாதிரி. தொட்டா ஒடஞ்சிருவ போல."

சைமா வேறு சட்டி எடுத்தாள். கஞ்சியை மாற்றினாள். கேரட்டை வேகவைத்து மசித்தாள். துண்டாகத் தெரிந்தால் அஷ்ஃபாக் எடுத்து வெளியே வைத்துவிடுவான். புதினாவை அரைத்து ஊற்றினாள். இலையாகக் கண்டால் அதற்கும் அதே கதி. ஷாஸியாவுக்குக் கிராம்பு வாயில் அகப்பட்டால் அன்றைய சாப்பாடே முடிந்தது என்பதால், போட்ட நாலு கிராம்பையும் எண்ணிப் பொறுக்கி எடுத்தாள். மூன்றுதான் கிடைத்தது. நாலாவது எங்கே என்று கரண்டியால் துழாவிக்கொண்டிருக்கும்போது கண்ணில் நீர் முட்டியது. கிராம்புக்கா அழுகிறோம்?

விடிகாலை மூன்றரைக்கு எழுந்தது. நோன்பு பிடிக்கச் சஹர் சமையல், ஸ்கூலுக்கு டிபன், சின்னவனைப் பின்னாலேயே துரத்தி நாலு வாய் ஊட்டல், துவைத்தல், மறுபடி சமையல். போன வாரம் அவனுக்குக் காய்ச்சல். அதற்கு முந்தின வாரம் இவளுக்கு. எல்லாவற்றுக்கும் இரண்டே கை.

"பெருநாளைக்கு பாய் வராரா?" என்றாள் செல்வநாயகி.

"லீவு இல்லியாம்."

"இதையேதான போன வருசமும் சொன்னாரு?"

சைமா அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு அவருகிட்ட சொல்லிடப் போறேன்க்கா. பெருநாள் முடிஞ்சதும் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு சேத்தியாத்தோப்புக்கு, எங்கம்மா வூட்டுக்கே போயிடறேன். ஷாஸியாவுக்கு அங்க ஸ்கூலு பாத்தாச்சு. இந்த வூட்ட காலி பண்ணிடறேன். என்னால முடியல."

செல்வநாயகி கரண்டியைக் கழுவி வைத்தாள்.

"சொல்லு. சொல்ல வேண்டியதுதான்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "நீ போயிட்டா நா யாருக்குடி உப்பு பாக்கறது?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மணி ஆறேகால் ஆகப்போகிறது.

ஷாஸியா பாயை விரித்தாள். நடுவில் பேரீச்சம்பழத் தட்டு, சுண்டல், தண்ணீர்ச் சொம்பு. சுற்றிலும் நாலு பீங்கான் கிண்ணம். கம்பெனியில் கழித்துப் போட்டதைச் செல்வநாயகி கொண்டுவந்து கொடுத்தது. ஒன்றில் மெருகு வழிந்து கட்டியாகியிருக்கும், ஒன்று லேசாகக் கோணல். நாலாவது கிண்ணம் அத்தாவுக்கு. அதில் கஞ்சி ஊற்ற மாட்டார்கள். அதைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து வைப்பார்கள்.

அது இந்த வீட்டு வழக்கம். நோன்பு திறக்கிற நேரத்தில் அத்தா போனில் இருக்க வேண்டும். துபாயில் பொழுது சாய இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே இவர்கள் குடிப்பதை அவன் வெறும் வாயோடு பார்த்துக்கொண்டிருப்பான். "எனக்கும் சேத்துக் குடிங்க" என்பான். ஷாஸியா வேண்டுமென்றே கிண்ணத்தைத் திரைக்கு நேரே காட்டி உறிஞ்சுவாள். ஒவ்வொரு வருடமும் இந்த விளையாட்டு. இந்த வருடம் மட்டும் படம் கிடையாது, குரல் மட்டும். புது ரூமில் நெட் சரியில்லை என்று சொல்லியிருந்தான்.

இன்று அவனே வீடியோவில் கூப்பிட்டான்.

"மூக்கக் காட்டுடா!" ஹமீதுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு பச்சைச் சுவர், வேறொன்றும் தெரியவில்லை. இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

அஷ்ஃபாக் திரையில் மூக்கை வைத்து அழுத்தினான். "கடலை பறந்துச்சு! பெரியம்மா கன்னத்துல!"

"வலிக்குதா?"

"இன்னோரு கடலை போடவா?"

"போட்டே, தோல உரிச்சிடுவேன்!" சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "சைமா... ரொம்ப பயந்துட்டியா?"

இப்போது. இப்போது சொல்லாவிட்டால் நாளைக்கும் சொல்ல மாட்டாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேளுங்க." கிண்ணங்களில் கஞ்சியை ஊற்றியபடியே சொன்னாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "பெருநாள் முடிஞ்சதும் நாங்க சேத்தியாத்தோப்புக்குப் போறோம். இருந்துட்டு வர இல்ல. அங்கேயே இருக்க. வூட்ட காலி பண்றேன். நீங்க மூணு வருசமா வந்துடறேன் வந்துடறேன்னு சொல்றீங்க. நா கொற சொல்லல. எனக்கு ஒடம்புல தெம்பு இல்லீங்க. இன்னிக்குத் தம்பிக்கு ஒண்ணு ஆயிருந்தா நா யாரக் கூப்புடுவேன்? மண்ணுக் கையோட செல்வநாயகி அக்கா வந்தாங்க. நீங்க வரல."

படம் உறைந்துவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தாள். உறையவில்லை. அவன் கண் இமைத்துக்கொண்டிருந்தான்.

"ம்மா, நேரமாச்சு," என்று கிசுகிசுத்தாள் ஷாஸியா. அவள் கையில் பேரீச்சம்பழம் தயாராக இருந்தது.

தெருக்கோடிப் பள்ளிவாசலில் மைக் கரகரத்தது. தொழுகைக்கு அழைக்கும் மோதினாருக்கு ஒரு பழக்கம். பாங்குக்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். மைக்கை மூடிக்கொள்ள மாட்டார். ஊரே கேட்கும்.

செருமினார். போனுக்குள்ளும் அந்தச் செருமல் கேட்டது. தன் வீட்டுச் சத்தம்தான் திரும்பி வருகிறது என்று சைமா நினைத்துக்கொண்டாள்.

பாங்கு எழுந்தது. ஷாஸியா 'பிஸ்மில்லாஹ்' சொல்லிப் பழத்தை வாயில் வைத்தாள். முதல் நோன்பு. கண்ணை மூடிச் சுவைத்தாள். திறந்தபோது எதிரே திரையில் அத்தாவின் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

"அத்தா!"

ஹமீத் திடுக்கிட்டான்.

"நோன்ப முறிச்சிட்டீங்க அத்தா! உங்களுக்கு இன்னும் ஒன்னர மணி நேரம் இருக்குது!" ஷாஸியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நானே முழுசா வெச்சேன். நீங்க பெரியவங்க, இப்புடிப் பண்ணலாமா?"

அவன் கையில் பாதி கடித்த பேரீச்சம்பழம் இருந்தது. முழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் விழித்தான். மனைவி சொன்னதில் அறிவு கலங்கி உட்கார்ந்திருந்தவனின் கை, பாங்கு கேட்டதும் தானாகப் பழத்தை எடுத்துவிட்டிருந்தது. நோன்பு வைத்தவனின் கை வேறு எந்த நேரத்திலும் அப்படிப் போகாது. பொழுது சாய்ந்த ஊரில்தான் போகும்.

சைமா கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

வந்துடறேன். போனை உடனே எடுத்தது. பதினேழு நாளாகக் காட்டாத படம். மூச்சிரைப்பு. பச்சைச் சுவர். அந்தச் செருமல்.

கையை நீட்டிப் போனுக்கு அடியிலிருந்த நாலாவது கிண்ணத்தை உருவினாள். போன் பாயில் குப்புற விழுந்தது. கிண்ணத்தை நிமிர்த்தி, துப்பட்டா நுனியால் துடைத்து, கரண்டியால் மூன்று தடவை கஞ்சியை மொண்டு ஊற்றினாள். கஞ்சியின் மேலே காணாமல் போன நாலாவது கிராம்பு மிதந்து வந்தது. அதை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தாள்.

பிறகுதான் கேட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

குப்புறக் கிடந்த போனுக்குள்ளிருந்து, பாயில் அமுங்கி, அவன் குரல் வந்தது.

"துபாய்ல இல்ல சைமா. கம்பெனிய மூடிட்டாங்க. ஊர் மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு, இருவத்தஞ்சு நாளா இங்க பக்கத்துல வேப்பூர்ல ஒரு ஓட்டல்ல பரோட்டா போட்டுக்கிட்டிருக்கேன். நீ கடலைன்னு சொன்னதும் மாவுக் கையோட பஸ்ஸு ஏறிட்டேன். இப்ப நம்ம பள்ளிவாசல் பின்சுவத்துகிட்ட உக்காந்திருக்கேன்."