கம்ப்யூட்டருக்கு ஒரு தோல் சட்டை

மும்பை தாராவியில் அபுதாஹிருக்குத் தோல்பை செய்யும் பட்டறை. அங்கிருந்த கம்ப்யூட்டரின் குணம் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையின் குணம். எந்த நேரத்தில் எதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒரு படத்தைத் திறந்தால் காட்டும். இன்னொன்றைத் திறந்தால் யோசிக்கும். அடுத்ததற்குள் டப்பென்று அணைந்து, கறுத்த திரையில் அபுதாஹிரின் முகத்தையே காட்டும்.

அந்த முகம் இப்போது பார்க்கிற நிலையில் இல்லை. மறுநாள் மாட்டுங்காவிலிருந்து பஞ்சாபகேசன் வருகிறார். பெரிய ஆபீஸ்களுக்குப் புது வருஷப் பரிசு பிடித்துக் கொடுக்கிறவர். பை மாடல்களைத் திரையில் பார்த்துப் பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் நேரே பாண்டுப்பில் சுயம்புவின் பட்டறை. சுயம்புவுக்கு ஆர்டர் போவதைக்கூட அபுதாஹிர் தாங்கிக்கொள்வார். அதன்பிறகு அவன் போன் போட்டு, "பாய், தொழில் எப்படிப் போகுது?" என்று அக்கறையாக விசாரிப்பானே, அதைத்தான் தாங்க முடியாது.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்தான். அனுப்பி முடிக்கும்வரை கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டுமே.

ஆகவே திரையை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் ரிப்பேருக்குத் தூக்கினார். தூக்குமுன் அதன் தோல் சட்டையைக் கழற்றி வைத்தார். தாராவித் தூசி உள்ளே போகக்கூடாதென்று அவரே வெட்டித் தைத்த உறை அது. முதல்தர ஆட்டுத்தோல், உள்ளே வெல்வெட், பித்தளை ஜிப். பட்டனுக்கு ஒரு வட்டம், வயருக்கு ஒரு கீறல்; மற்றபடி ஒரு விரல்கூட நுழையாது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. ஆனால் ரிப்பேர் கடைக்குப் போகும்போது பொருளும் ஆளும் கொஞ்சம் ஏழையாகத் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவரும் காலர் கிழிந்த சட்டைக்கு மாறிக்கொண்டார்.

ரிப்பேர்க்கார இசக்கிதுரை பெட்டியைத் திறந்து, ஊதி, ஒரு மெமரிப் பட்டையை உருவிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினான். சாயங்காலம்வரை அதில் பாட்டு ஓடவிட்டான்; ஒரு தடவைகூட அணையவில்லை.

"பாய், பொட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. உங்க பட்டறைல கரண்ட்டுதான் சரியில்ல."

"கரண்ட்டு சரியில்லன்னா தையல் மிஷினு எப்படிவே ஓடுது?"

"அது உங்ககிட்ட பழகிட்டு."

பட்டறைக்கு வந்து, சட்டையை மாட்டி, ஜிப்பை இழுத்து, பட்டனைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் டப். பிளக்கை மாற்றினார், டப். மேஜையையே நகர்த்தினார், டப். மனைவி ஷரீஃபுன்னிசா கண்ணேறுக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். பட்டறையே இருமித் தீர்த்தது. கம்ப்யூட்டரும் இருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டு, டப்.

"சனியனே!" என்றார் அபுதாஹிர்.

"ஏசுறதா இருந்தா அந்தச் சட்டைய கழத்திட்டு ஏசுங்க. அதுக்குக் காது கேக்கட்டும்" என்றாள் ஷரீஃபுன்னிசா.

மறுநாள் பஞ்சாபகேசன் வந்து உட்கார்ந்தார். "என்ன ஓய் பாய், கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா? இவ்ளோ அலங்காரம்!"

முதல் பை திரையில் வந்தது. "பேஷ்." இரண்டாவது வந்தது. டப்.

"கரண்ட் போயிடுத்தா?" தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"இல்ல சார். அந்த மாடலு அழகுல அதுவே கண்ண மூடிக்கிட்டு."

பஞ்சாபகேசன் எழுந்தார். "நான் பாண்டுப் போகணும். சுயம்பு காத்துண்டிருப்பான்."

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அபுதாஹிரின் கை தானாக வேலை செய்தது. உறையை உருவி அவர் கையில் திணித்தார். "போங்க சார், யாரு வேண்டாங்கா? போறதுக்கு முன்னால இந்தத் தையல ஒரு தடவ பாருங்க. பாண்டுப்புல இப்படி ஒரு தையல் இருந்தா நானே உங்கள ரயிலேத்தி விடுதேன்."

பஞ்சாபகேசன் ஜிப்பை இழுத்தார், தோலை முகர்ந்தார், மறுபடி உட்கார்ந்தார். அதற்குள் ஷரீஃபுன்னிசா பட்டனைத் தட்டியிருந்தாள். பைகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் வந்தன. பேரம் பேசி, கோபித்து, வாசல்வரை போய்த் திரும்பி, கடைசியில் ஆர்டர் படிந்தபோதும் கம்ப்யூட்டர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தச் சட்டையும் நன்னாருக்கு. ஆபீஸுக்கு ஆபீஸ் கேப்பா. இதுலயும் ஒரு நூறு போடும்" என்றார் பஞ்சாபகேசன்.

பூரித்துப்போன அபுதாஹிர், போட்டுக் காட்டினால்தான் அழகு தெரியும் என்று உறையை மறுபடி மாட்டினார். தேநீர் வந்தது. கோப்பை காலியாகுமுன், டப்.

ஜிப்பைத் திறந்து உறைக்குள் கையை விட்டார். இஸ்திரிப்பெட்டியைத் தொட்டவர்போல வெளியே இழுத்துக்கொண்டார். எல்லாம் விளங்கிவிட்டது. விற்கப்போகும் நூறு சட்டைகளும் நூறு கம்ப்யூட்டர்களை மூச்சுத் திணற வைக்கிற காட்சி கண்முன் வந்தது. பஞ்சாபகேசனோ இன்னும் மின்விசிறியைத்தான் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்துவிடலாமா?

ஷரீஃபுன்னிசா பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே அணைந்தது.

"இந்த அக்டோபர் வெயில்ல உங்களுக்கு ஒண்ணு தச்சு, ஜிப்பையும் இழுத்து விடட்டுமா?" என்றாள்.

அபுதாஹிர் தொண்டையைச் செருமினார். "சார், ஒளிக்கக்கூடாது. சட்டையிலதான் குத்தம். உள்ள காத்துப் போகல." பெல்ட்டுக்குத் துளை போடும் உளியை எடுத்தார். "ஓட்டை போட்டுட்டா சரியாப் போவும்."

பஞ்சாபகேசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "ஓட்டை போட்டா தோல் கொறையுமோன்னோ? அப்போ வெலையும் கொறையணுமே."

"தோலு குறையும் சார், வேல கூடும்லா? ஓட்டைக்குத் தனி ரேட்டு."

"சரி, எத்தனை ஓட்டை போடுவீர்?"

அபுதாஹிர் உளியை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது உங்க கையிலதான் இருக்கு சார். நீங்க எவ்வளவு தாரீங்களோ, அவ்வளவு காத்து."