துணை மேயருக்கு ஒரு பொன்னாடை

1

இந்தக் கதை ஒரு பொன்னாடைக்குள் பிறந்தது. டென்மார்க்கில் எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டுவிழாவுக்கு வந்த துணை மேயர் கிறீன்லாந்துக்காரி. "உங்கட கலாசார உடுப்பிலை வாங்கோ" என்று கேட்டிருந்தோம். கடல்நாய்த் தோல், மணிக்கோர்வை, அதற்குமேல் பதவிச் சங்கிலி. அதற்கும்மேல் தலைவர் சிவானந்தன் பொன்னாடையைப் போர்த்தினார்.

"பாவம், அவவுக்கு வேர்க்குது," என்றாள் என் மனைவி ராசமலர்.

(ஊர் இஷொய் இல்லை, அல்பர்ட்ஸ்லுண்டும் இல்லை. வழக்குக்குப் பயந்து மறைக்கிறேன்.)

2

முதல் வரி இப்படி வந்தது: "பனிச் சிகரங்களின் புதல்வி நாய்வண்டியில் ஏறி—"

வேண்டாம். நிவியாக் (நான் வைத்த பெயர்) வந்தது எஸ்-ரயில் என்கிற புறநகர் ரயிலில். முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்தவர். நாய் என்றால் பயம். [நாய்ப் பயத்தை வெட்டவா? ராசமலர்: "விடுங்கோ. அதிலைதான் அவ மனிசி மாதிரி இருக்கிறா."]

3

பதவி என்றால் நாடா வெட்டுவது, நூறு வயதுக்காரருக்குப் பூங்கொத்துக் கொடுப்பது, நீச்சல்குளம் திறப்பது. மேயர் போட்ட நிபந்தனை: சிரிக்கலாம், வாழ்த்தலாம், அரசியல் கதைத்தால் சங்கிலி கழலும்.

அந்த வாரம்தான் நகரசபை, கிறீன்லாந்தர் வெள்ளிக்கிழமைகளில் கூடும் வீட்டை மூட முடிவெடுத்தது. தனித்துப்போன வயதானவர்கள் தங்கள் மொழியில் வாய்விட்டுச் சிரிக்கிற வீடு. பேசினால் பதவி போகும். பேசாவிட்டால் வீடு போகும். [இதைவிடச் சிக்கலாக எழுத எனக்கு வராது.]

4

எங்கள் வழக்கப்படி பிரதம விருந்தினர் கடைசியில்தான் பேசலாம். வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரையைப் பாராட்டி ஓர் உரை. நிவியாக்கின் கைக்கு ஒலிவாங்கி வந்தபோது யாரோ கொத்துரொட்டித் தட்டைத் திறந்துவிட்டார்கள். மண்டபமே எழும்பியது. விழாவுக்கு வந்திருந்த மேயரும் எழும்பினார்.

நிவியாக், நகரசபை எழுதிக்கொடுத்த வாழ்த்துரையை மடித்தார்.

"அந்த வீட்டை மூடாதேங்கோ. எனக்குச் சங்கிலி போட்டு முன்னுக்கு நிப்பாட்டுறியள், என்ரை சனத்தை வெளியாலை தள்ளுறியள்."

(சொன்னது டெனிஷில். யாழ்ப்பாணத்துக்கு மாற்றியது நான்.)

கேட்டவர்கள் நான், ராசமலர், சிவானந்தன். மேயர் றோல்ஸ் பலகார வரிசையில் நின்றார்.

5

முடிவு அ: மண்டபம் அதிரக் கைதட்டல்— பொய். எல்லார் கையிலும் தட்டு.

முடிவு ஆ: மேயர் கண்கலங்கி— இதை எழுதிய எனக்கே சிரிப்பு வந்தது.

நடந்தது வேறு. விழாவைப் படம்பிடித்த ஜெசிந்தன் சிவானந்தனிடம் ஓடிவந்தான்.

"அண்ணை, பற்றரி முடிஞ்சு போச்சு. ஒண்டும் பதியேல்லை. துணை மேயர் மடத்தை இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ."

"டேய், அவ என்ன சொன்னவ எண்டு தெரியுமோ?"

"அது எனக்கேன் அண்ணை? சனத்தை இருத்துங்கோ, வெறுங் கதிரையை எடுக்கேலாது."

எங்களில் வீடியோக்காரன் சொன்னால் மாப்பிள்ளையே இரண்டாந்தரம் தாலி கட்டுவார். சிவானந்தன் என்ன செய்வார்? "எல்லாரும் இருங்கோ! மடம் இன்னும் கதைக்கேல்லை!" என்று அறிவித்தார்.

சனம் தட்டோடு வந்து அமர்ந்தது. மேயர் முன்வரிசையில், வாய் நிறைய றோல்ஸ்.

நிவியாக்கின் இடக்கையில் மடித்த வாழ்த்துரை. விரித்து வாசித்தால் போதும், சங்கிலி தப்பும். முதல்தரம் பேசியது கோபம். அது இப்போது ஆறியிருக்கும். மிச்சம் எவ்வளவு துணிவு என்று எனக்குத் தெரியாது.

"மடம், இப்ப," என்றான் ஜெசிந்தன்.

வாய் திறக்கிறார். இந்த இடத்தில் நானும் ஒரு வசனம் எழுதிக்கொடுத்தால், எனக்கும் அந்த நகரசபைக்கும் என்ன வித்தியாசம்? எழுதமாட்டேன். நீங்களும் தட்டைக் கீழே வையுங்கள். அவர் பேசப்போகிறார்.