கிடைத்துவிட்ட எஞ்சின்

என் மனைவிக்கு இரண்டு அண்ணன்கள். மூத்தவர் லைல், இளையவர் வெர்னன். லைல் வியட்நாம் போரில் இருந்தபோது, கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போன அவருடைய செவெல் காரிலிருந்து எஞ்சினைக் கழற்றி வெர்னன் விற்றுவிட்டார். ஒரு பெண்ணுக்கு மோதிரம் வாங்கத்தான். மோதிரமும் போனது, பெண்ணும் போனாள். திரும்பி வந்த லைல் காரின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "அதே எஞ்சின் இதுக்குள்ள வந்து ஓடட்டும். அன்னைக்கு உன்கூடப் பேசுறேன்" என்றார். அதன் பிறகு தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நவம்பரில் வரும் நன்றி நாள் விருந்தில் இருவரும் ஒரே வான்கோழியைத்தான் தின்பார்கள். இப்படியொரு வீம்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் ஒஹையோவில் பழைய எஞ்சின்களைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். வெர்னனுக்கு இது அதிர்ஷ்டம், எனக்குத் தலையெழுத்து. பழைய பாகங்கள் விற்கும் சந்தை எங்கே கூடினாலும் என்னை இழுத்துக்கொண்டு போவார். லைல் காரின் எண் பொறித்த பிளாக், அதாவது எஞ்சினின் இரும்பு உடல், மட்டும் கண்ணில் படவே இல்லை.

வெர்னனுக்குக் கிராமத்துச் சாலைகளில் தபால் போடும் வேலை. அந்தப் பக்கத்துப் பையன்கள் காரில் போகிற போக்கில் வீடுகளுக்கு முன் சாலையோரம் நட்டிருக்கும் தபால் பெட்டிகளை மட்டையால் நொறுக்குவார்கள். அதனால் ஆர்டித் என்ற அம்மாளின் கணவர் ஒரு பழைய பிளாக்கைப் பாதி புதைத்து, அதன்மேல் பெட்டியைத் திருகி நிறுத்தியிருந்தார். போன குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி அதையும் பெயர்த்துப் போட்டது. சிதறிய கடிதங்களைப் பொறுக்க வெர்னன் இறங்கியபோது, புரண்டு கிடந்த பிளாக்கில் பாதி எண் தெரிந்தது.

எனக்குப் போன் வந்தது. "மாப்ள, உடனே வா. இத்தனை வருஷமா நான் தபால் போட்டதே அதுமேலதான் போல."

போய் மண்ணைத் துடைத்தேன். எண் பொருந்தியது. ஆனால் எண்ணைப் பொய்யாக அடிக்கிறவர்கள் ஏராளம். அசல் என்றால் அதற்கு அடியில் தொழிற்சாலை இழைத்த மெல்லிய கோடுகள் இருக்க வேண்டும். இருந்தன. வார்ப்புத் தேதியும் சரியாக இருந்தது.

"இதேதான் மச்சான்" என்றேன். வெர்னன் பனியிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அழுறதுன்னா உள்ள வந்து அழுய்யா, குளிருது" என்றார் ஆர்டித். "எடுத்துட்டுப் போங்க. எனக்கு வேற பெட்டி நட்டுக் குடுத்துடணும், ஆமா."

சிலிண்டர்களைத் துரு தின்றிருந்தது. எட்டிலும் ஸ்லீவ் என்ற புது உட்குழாய் இறக்கினேன். உறைந்த தண்ணீர் பக்கச் சுவரைப் பிளந்திருந்தது. அந்த விரிசலில் திருகாணிகளை நெருக்கி நெருக்கி இறக்கி அடைத்தேன். சோதித்தால் கசிந்தது. மறுபடி அடைத்தேன், மறுபடியும் கசிந்தது. ராத்திரி தூக்கம் போய்விட்டது. மேல்தளத்தை இழைத்தபோது அந்த எண்ணில் கத்தி பட்டுவிடுமோ என்று நொடிக்கொரு தடவை இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தேன். எண் அழிந்துபோனால் லைல் எதை நம்புவார்?

வசந்தத்தில் ஒருவழியாகக் கசிவு நின்றது. லைல் தொடாமல் பழைய குடும்பக் கொட்டகையிலேயே விட்டிருந்த காருக்குள் எஞ்சின் உட்கார்ந்து, ஓடியது. வெர்னன் முகச்சவரம் செய்து, தேவாலயத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டார். லைல் வீட்டு வாசலில் போய் நிறுத்தினோம்.

சத்தம் கேட்டு லைல் வெளியே வந்தார். மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"அதேதானே, அண்ணே?" என்றார் வெர்னன்.

லைல் என்னைத்தான் பார்த்தார். "கிடைக்கவே கிடைக்காதுன்னு நெனச்சுத்தான் மாப்ள அப்படிச் சொன்னேன். இதை ஏன் தோண்டி எடுத்தீங்க?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெர்னன் என் கையைப் பிடித்தார். "அண்ணன் கண்ணு முன்ன மாதிரி இல்ல மாப்ள. எண்ணைச் சரியாப் பார்த்திருக்க மாட்டாரு. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை காட்டலாமா?"

எனக்கு அடக்க முடியாத கோபமும் அழுகையும் வந்தன. சரி என்று தலையாட்டினேன்.