ஒப்பிடுவதற்கு ஒரு மொட்டைக் குன்று

ஆகஸ்ட் பிறந்து ஒன்பதாம் நாள், ரொசெந்தோ யாவ்ரியின் பிழைப்பில் புல் முளைத்தது.

உவமையெல்லாம் இல்லை, நிஜப் புல். லீமாவின் வடக்குக் கோடியில், நுவேவா பிரிமவேரா குன்றின் உச்சியிலிருந்து கடைசி வீட்டு வாசல் வரைக்கும் முளைத்திருந்தது. நுவேவா பிரிமவேரா என்றால் புதுவசந்தம். வருஷத்தில் எட்டு மாதம் சிமெண்டு மூட்டையை உதறிய நிறத்தில் கிடக்கும் குன்றுக்கு அப்படிப் பெயர் வைத்தவர்கள் ஒன்று நம்பிக்கைக்காரர்கள், இல்லையென்றால் நக்கல் பேர்வழிகள். ஆனால் கடலிலிருந்து மூடுபனி ஏறும் நாலு மாதம், யாரும் விதைக்காமல், யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல், குன்று தானாகவே பச்சைப்பசேலென்று ஆகிவிடும். நடுநடுவே மஞ்சள் பூ வேறு.

பார்த்தவன் எவனும் மகிழ்ந்திருப்பான். ரொசெந்தோ படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான்.

அவன் வேலை பார்த்தது ‘நகர்ப்புறப் பசுமைவெளிகளும் சமூக நலனும்’ என்ற ஆராய்ச்சியில். பணம் தருவது வடக்கே ஒரு குளிர் தேசத்து அறக்கட்டளை. எதிரெதிராக இரண்டு குன்றுகள். சான் எலாதியோ குன்றுக்கு ஒரு பூங்கா கட்டிக் கொடுத்தார்கள். பிரிமவேராவுக்கு ஒன்றும் கிடையாது. மாதாமாதம் இரண்டு குன்றிலும் அதே நாற்பத்திரண்டு கேள்விகள். தூக்கம் வருகிறதா, பக்கத்து வீட்டார் பெயர் தெரியுமா, வாழ்க்கை பிடித்திருக்கிறதா. பூங்கா உள்ள குன்று எவ்வளவு கூடுதலாக மகிழ்கிறது என்று பார்க்க வேண்டும். ஆக, இந்த ஆராய்ச்சியில் பிரிமவேராவின் பங்கு ஒன்றே ஒன்று: மொட்டையாக இருப்பது. இரண்டு வருஷம் அப்படி இருந்துவிட்டால் அதற்கும் பூங்கா உண்டு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த வாய் ரொசெந்தோவுடையது.

போன வருஷமும் புல் முளைத்ததுதான். அப்போது பார்க்க யாரும் வரவில்லை. அறிக்கையில் மார்ச் மாதத்துப் படத்தை ஒட்டிவிட்டான். இந்த முறை அறக்கட்டளையிலிருந்து டாக்டர் ஹைட்ருன் புதன்கிழமை நேரில் வருகிறார். இரண்டு குன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஆராய்ச்சி நீளும், ரொசெந்தோவின் ஒப்பந்தமும் நீளும். தெரியாவிட்டால், செப்டம்பரிலிருந்து அவன் மச்சானின் டயர் கடையில் பஞ்சர் ஒட்டப் போக வேண்டியதுதான். மச்சான் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தான்.

கேள்வித்தாளும் காலை வாரியிருந்தது. பூங்கா வந்ததிலிருந்து சான் எலாதியோவில் ஒரே சண்டை. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கிற ஊரில் புல்தரைக்கு யார் ஊற்றுவது என்று மூன்று குடும்பங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. பிறகு கம்பி வேலி, பூட்டு, சாவி யாரிடம் என்று அடுத்த சண்டை. பிரிமவேராவில் சண்டை போடப் பூங்கா இல்லாததால் எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள்.

அவன் குடியிருப்புச் சங்கத் தலைவி தோமித்திலாவின் வீட்டுக்குப் போனான். அவள் மூலையில் இருந்த கூண்டுக்குள், கறிக்கு வளர்க்கும் கூய் என்ற கினிப் பன்றிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்க இன்ஜினியரே.”

சமூகவியல் படித்தவன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டான். குன்றைப் பொறுத்தவரை கையில் காகிதம் வைத்திருப்பவன் எல்லாம் இன்ஜினியர்.

“அக்கா, குன்னு பச்சையா இருக்கு.”

“ஆமா தம்பி, இந்த வருஷம் நல்ல பனி. கூய்க்கெல்லாம் யோகம்.”

“புதன்கிழமை டாக்டரம்மா வராங்க. அதுக்குள்ள மொட்டையாகணும்.”

தோமித்திலா கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தாள். “பச்சை இருந்தா ஜனங்களுக்கு நல்லதுன்னு சொல்றதுக்கு அந்தம்மா அவ்வளவு தூரத்திலேருந்து வராங்க. அவங்க வர்றதுக்குள்ள நாங்க பச்சையைப் பிடுங்கிடணும்.”

“அப்படிச் சொன்னா ஒரு மாதிரி இருக்கு அக்கா.”

“வேற மாதிரி சொல்லிப் பாரு.”

சொல்லிப் பார்த்தான். நீளமான சொற்கள் நிறைய வந்தன, பொருள் அதேதான்.

“இன்னொண்ணு. நீங்கல்லாம் ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க.”

“யாரு சொன்னா?”

“நாப்பத்திரண்டு கேள்வியும் சொல்லுது.”

“அது மரியாதைக்குச் சொன்னதுப்பா. இத்தனை படி ஏறி வந்து நலம் விசாரிக்கிற ஆள்கிட்ட முதுகு வலிக்குது, புருஷன் சரியில்லைன்னா சொல்லுவாங்க?”

அன்று சாயங்காலம் ஒலிபெருக்கி கூப்பிட, சங்கம் கூடியது. தீர்மானம் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை ஃபாயேனா. அதாவது வீட்டுக்கு ஓர் ஆள் கட்டாயம் வந்து ஊர் வேலை செய்ய வேண்டும், வராத வீட்டுக்கு அபராதம். இந்தக் குன்றில் படிக்கட்டு, மின்கம்பம், சங்கக் கட்டடம் எல்லாம் அப்படி எழும்பியவைதான். தீர்மானம் இரண்டு: புதன்கிழமை எல்லாரும் சோகமாக இருக்க வேண்டும். சிரித்தால் அதே அபராதம்.

பின் வரிசையிலிருந்து கிளிமாக்கோ கிழவர் எழுந்தார். “எனக்குப் பல்செட்டு அமைஞ்ச விதத்துல எப்பவும் சிரிச்ச மூஞ்சிதான். எதாவது சலுகை உண்டா?”

“கழட்டி வச்சுட்டு வாங்க,” என்றாள் தோமித்திலா. தீர்மானம் நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை குன்றே புல் பிடுங்கியது. வலப்பக்க வீடுகளுக்கும் இடப்பக்க வீடுகளுக்கும் போட்டி. பொது அடுப்பில் சூப் கொதித்தது. யாரோ ஒலிபெருக்கியில் மலைநாட்டுப் பாட்டு போட்டார்கள். “மேலால மட்டும் கிள்ளுங்க, மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்கைத் தொடாதீங்க,” என்று தோமித்திலா கத்திக்கொண்டே போனாள். ஏனென்று யாரும் கேட்கவில்லை. ரொசெந்தோ பதினோரு மூட்டை பிடுங்கினான். கை எரிந்தது. இடப்பக்கம் அவனைத் தங்கள் ஆள் என்று கணக்கில் சேர்த்ததில் வலப்பக்கத்துக்குக் கோபம். இவ்வளவு சந்தோஷமான ஜனத்தை அவன் எந்த ஆராய்ச்சியிலும் கண்டதில்லை. நல்லவேளை, அந்த மாதக் கேள்வித்தாள் ஏற்கெனவே முடிந்திருந்தது.

புதன்கிழமை டாக்டர் ஹைட்ருன் வந்தார். சான் எலாதியோ பூங்கா பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த செயலாளர் ஞானஸ்நான விருந்துக்கு வெளியூர் போயிருந்தார். டாக்டர் கம்பிகளுக்கு வெளியே நின்று பார்த்தார். எட்ட நின்று பார்த்ததில் புல் இன்னும் பசுமையாகத் தெரிந்தது. “பாதுகாக்கிறார்கள்,” என்று குறித்துக்கொண்டார்.

பிரிமவேரா மழித்த தலையாக அவரை வரவேற்றது. வாசலுக்கு வாசல் ஆட்கள் தண்ணீர்ப் பீப்பாய் மேல் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிமாக்கோ பல் இல்லாத கன்னங்கள் ஒட்ட, தெருமுனையில் நின்றார். தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டதும் அவருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் கடிக்க முடியவில்லை. படியேறி வந்த விருந்தாளிக்கு யாரும் ஓர் அவித்த உருளைக்கிழங்குகூடக் கொடுக்கவில்லை. சோகமானவர்கள் விருந்து வைப்பார்களா என்று ரொசெந்தோதான் தடுத்திருந்தான். அதனால் தோமித்திலாவின் முகத்தில் அன்று இருந்த துயரமும் நடிப்பில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ரொசெந்தோ அதைப் படியேற்றிக்கொண்டு போனான். நூற்றெண்பது படி. அன்றைக்கு முந்நூறு போல இருந்தது.

“வேலை நிலைச்சுதா?” என்றாள் தோமித்திலா, உருளைக்கிழங்கு உரித்தபடி.

“இன்னும் அஞ்சு வருஷத்துக்கு.”

“நல்லது. பார்க்கு?”

“நேர்ல பார்த்ததுல வித்தியாசம் ரொம்பத் தெளிவாத் தெரியுதாம். அதனால அஞ்சு வருஷமும் இந்தக் குன்னு இப்படியே இருக்கணுமாம்.”

தோமித்திலா அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தாள். “சோகத்தைக் கொஞ்சம் கம்மியாப் பட்டிருக்கணும்.”

“இன்னொரு பத்தி இருக்கு அக்கா.” வாசித்தான். மூடுபனியில் தானே முளைக்கும் புல்வெளிகள்தாம் இந்நகரத்தின் மிக அரிய பசுமை. அவற்றைக் காக்கும் குடியிருப்புகளுக்கு நடைபாதை, காவல் கூலி, குடிநீர்க் குழாய் எல்லாம் தர அறக்கட்டளை தனி நிதி ஒதுக்கியிருக்கிறது. நுவேவா பிரிமவேராவில் அத்தகைய புல் முளைப்பதே இல்லை என்பதை நேரில் கண்டு டாக்டர் மிகவும் வருந்துகிறார். தகுதியான குன்று தெரிந்தால் உடனே எழுதவும்.

கூண்டில் கூய்கள் எதையோ நறநறவென்று மென்றன. என்னவென்று இருவரும் பார்க்கவில்லை.

“குழாய்ன்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“நீ எத்தனை மூட்டை பிடுங்கினே?”

“பதினொண்ணு.”

“நல்லாப் பிடுங்கினே.”

ரொசெந்தோ வாசலில் உட்கார்ந்தான். “இங்க புல்லு இருக்குன்னு எழுதிடறேன் அக்கா. என் வேலை போகும். டயர் கடை ஒண்ணும் மோசமில்லை.” சொல்லும்போதே மச்சானின் சிரிப்பு காதில் கேட்டது.

“உன் வேலை போனா அடுத்து வர்றவனுக்கு நாங்க முதல்லேருந்து நாப்பத்திரண்டு கேள்விக்கும் பதில் சொல்லணும். சும்மா இரு.” அவள் கத்தியால் குன்றின் மேல் பக்கத்தைக் காட்டினாள். அங்கே, நேற்றைய பனியில், மண்ணுக்குள் விட்டுவைத்த கிழங்குகளிலிருந்து பச்சை மறுபடி விரல் நீளம் தலைகாட்டியிருந்தது. “அவங்க ஆராய்ச்சி எந்தக் குன்னைப் பத்தி?”

“நுவேவா பிரிமவேரா.”

“மேல் பாதிக்கு அந்தப் பேர்தான்னு எங்க எழுதியிருக்கு?”

எங்கும் எழுதவில்லை. லீமாவின் குன்றுகளில் ஊர் மேல்நோக்கித்தான் வளரும். பத்து வீடு கூடுதலாக ஏறினால் தனிப் பெயர், தனிச் சங்கம், தனி முத்திரை. முத்திரை செய்து தருபவன் சந்தையில் கால் மணி நேரத்தில் தருவான்.

சாயங்காலம் ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது. தொண்ணூறாவது படிக்கு மேலே உள்ளது இன்று முதல் வேறு ஊர். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஃபாயேனா. வேலை, யாரும் எதையும் தொடாமல் இருப்பது. புல்லில் கால் வைத்தால் அபராதம், இன்ஜினியருக்கும் சேர்த்து. கீழ்ப் பாதி வழக்கம்போல மொட்டையாகவும் சோகமாகவும் நடக்கும். மேல் ஊருக்குத் தலைவராகக் கிளிமாக்கோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே சிரித்த முகம் தேவைப்படும்.

தகுதியான குன்று ஒன்று தெரியும் என்று ரொசெந்தோ அன்றே கடிதம் எழுதினான். தன் ஆராய்ச்சிக் குன்றுக்கு அது மிக அருகில் இருப்பதால் போக்குவரத்துச் செலவு இல்லை என்பதையும் சேர்த்தான்.

கிழவர் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“எனக்கு வீடு கீழே, பதவி மேலே. நான் இதை எங்க மாட்டிக்கிறது?”

“தொண்ணூறாவது படியில,” என்றாள் தோமித்திலா.