பாட்டுக்கு அடியில்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. காத்திருந்த இடத்தில் காதில் விழுந்தது. என் மகளின் காதுகுத்து வீடியோ கேசட்டை டிஸ்க்கில் ஏற்றுவதற்காகத் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி விழுப்புரம் போயிருந்தேன். பிரபாவதி அந்த வேலையைத் தன் வீட்டுக் கூடத்திலேயே செய்கிறாள். கேசட் ஓட்டும் ஒரு பழைய டெக், ஒரு கம்ப்யூட்டர், இரண்டையும் சேர்க்கும் வயர், அவ்வளவுதான். கேசட் எத்தனை மணி நேரம் ஓடுமோ அத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

[முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் செண்பகம் நனைந்தபடி அந்தப் படிகளில் ஏறி... மழை இல்லை. அந்த வீட்டுக்குப் படியும் இல்லை. எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகம் பிறகு வந்தால் உண்டு. பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.]

2

"ஏம்மா, இதுல பேச்சு கேக்குமா?" எனக்குப் பின்னால் வந்த செண்பகம் பிரபாவதியிடம் கேசட்டை நீட்டினாள்.

"கல்யாண கேசட்டாக்கா?"

"என்னுதுதான். தொண்ணூத்தஞ்சுல, முகையூர்ல நடந்துச்சு."

"கல்யாண கேசட்டுல ஏதுக்கா பேச்சு? எல்லாத்து மேலயும் சினிமாப் பாட்டப் போட்டு மூடி வச்சிருப்பாங்க. தாலி கட்றப்ப மட்டும் மேளத்த வுடுவாங்க."

"மேடையில எங்கக்கா கிருஷ்ணவேணி வந்து எங்காதுல ஒண்ணு சொல்லும். நான் தலையாட்டுவேன். அந்த எடம் மட்டும் போதும்."

"என்னா சொன்னாங்க?"

"அதான் தெரியலியே. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. மூஞ்சிக்கு நேரா லைட்டு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் தலைய ஆட்டிக்கினு நின்னேன். அவளுக்கும் ஆட்டிட்டேன். மூணாம் நாளு அவ கெணத்துல கெடந்தா."

பிரபாவதி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"தவறி வுழுந்துட்டான்னாங்க. நானும் அப்படியே சொல்லிக்கினு இருக்கேன். ஆனா எதுக்குச் சரின்னேன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கலம்மா."

3

செண்பகத்தை நான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். கதைக்குள் வைத்துப் பார்த்தால் நம்ப முடியாத பெண். முப்பது வருடம் ஏன் சும்மா இருந்தாள்? அவளும் திண்டிவனம்தான். ஒரே பஸ்ஸில் திரும்பினோம். கேட்டுவிட்டேன்.

"வூட்ல டெக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"போட்டுப் பாக்கலியா?"

"பாட்டுதான் கேட்டுச்சு. அவ சொன்னது கேக்கல, அது ஒரு தைரியம். இப்ப பேத்தி சொல்றா, கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் பிரிச்சுடலாமாம்."

விக்கிரவாண்டி டோல்கேட் வந்ததும் அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

4

வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். அக்கா என்ன சொல்லியிருப்பாள்? மூன்று வரி எழுதிப் பார்த்தேன்.

என்ன மறந்துடாத. [சினிமா. அடித்துவிட்டேன்.]

போற வூட்ல ஜாக்கிரதையா இரு. [எல்லா அக்காவும் சொல்வது. இதற்கா கதை?]

மூன்றாவது வரியை நான் யோசிக்கவில்லை. சத்தமாகவே கேட்டது. மேடையை விட்டு இறங்குகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் 'வரட்டா?' என்றுதான் கேட்பார்கள். மங்கல வீட்டில் போகிறேன் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். அவள் எடுத்தாள்.

போவட்டா?

5

எட்டு நாள் கழித்துப் பிரபாவதி, செண்பகத்துக்குச் சொல்வதற்கு முன் எனக்குப் போன் செய்தாள்.

"அம்மா, பேச்சு இருக்குதும்மா."

"பாட்டு?"

"டேப்புல சத்தத்துக்கு ரெண்டு தடம். ஸ்டுடியோக்காரரு ஒண்ணுலதான் பாட்ட ஏத்தியிருக்காரு. இன்னொண்ணு என் டெக்குல கேக்காது. பாண்டியிலேர்ந்து வேற டெக்கு வாங்கியாந்து போட்டேன். பாட்டே இல்ல. ஜனங்க பேசினது அப்படியே அடியில கெடக்குது. சாம்பார் வாளி எங்கடான்னு ஒருத்தரு கத்திக்கினே இருக்காரு."

"அவ பேசினது?"

அவள் சொல்லும் வரை நான் பொறுக்கவில்லை. நான் எழுதிய மூன்று வரிகளையும் படித்துக் காட்டினேன்.

"மூணாவத யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வந்துச்சு."

"எப்படி வந்துச்சு?"

"மெதுவா. சிரிச்சாப்ல."

"சிரிச்சாப்லதாம்மா சொல்றாங்க."

போனில் டெக் ஓடும் இரைச்சல் கேட்டது.

"இன்னொண்ணும்மா. மொத வாட்டி ஓட்டினப்ப, சொல்லிட்டு கல்யாணப் பொண்ணத்தான் பாத்தாங்க. நேத்து ஓட்டினேன், கேமராவப் பாக்குறாங்க. பதிலுக்கு நிக்கிறாப்ல. நான் ஒண்ணும் நெனைக்கல, எந்தலை தானா ஆடிடுச்சு."

"நிறுத்திடு பிரபா."

"நிறுத்திட்டேம்மா. நேத்தே."

இரைச்சல் நிற்கவில்லை.

6

பிரபாவதி இரண்டு டிஸ்க் போட்டு வைத்திருக்கிறாள். ஒன்றில் பாட்டு. ஒன்றில் பேச்சு. வியாழக்கிழமை செண்பகம் வருகிறாள்.

"பேச்சு கெடைக்கலன்னு சொல்லி, பாட்டு டிஸ்க்கத் தந்துடட்டா? காலம் பூரா தவிச்சுக்கினே இருக்கும். பேச்சு டிஸ்க்கத் தந்தா, போவச் சொன்னதே நாந்தான்னு ஆயிடும் அதுக்கு. கதை எழுதுறவங்க நீங்க. சொல்லுங்க, எத தரட்டும்?"

நான் தலையாட்டினேன். போனில் அது தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. எதற்கு ஆட்டினேன் என்றும் தெரியவில்லை.

முடிவு எழுதிப் பார்த்தேன். செண்பகம் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். டோல்கேட் தாண்டும்போது பக்கத்து சீட்டுப் பெண் அவள் காதருகே குனிந்து... [இதற்கு மேல் எழுத மாட்டேன்.]

இன்று வியாழக்கிழமை. இரண்டு டிஸ்க்கும் பிரபாவதியின் மேசையில் இருக்கின்றன. செண்பகம் வந்து உட்கார்ந்துவிட்டாள். எதைக் கொடுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்து சொல்லுங்கள். தலையை மட்டும் ஆட்டிவிடாதீர்கள்.