கை நனைத்த வீடு

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், பிடிக்கும்வரை அங்கே கை நனைக்க மாட்டார்கள், கண்ணுகளா. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின வருஷம், எருமப்பட்டி அங்கம்மாள் தன் மகள் வசந்தாமணிக்காகத் தம்பி கந்தவேலுடன் பஸ் ஏறிச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தாள். அரிசி மண்டி அர்த்தநாரிக்குப் பெண் கேட்டிருந்தார்கள். தெருவிலேயே கண்ணைப் பறிக்கிற வீடு என்பதுதான் தரகர் சொன்ன அடையாளம்.

அந்தத் தெருவில் எந்த வீடு கண்ணைப் பறிக்கவில்லை? சுண்ணாம்புத் தூண்கள், மாடிச் சுவரில் சுதைக் கிளிகள், பூ கொத்தின நிலைகள். ஒரு வீட்டுச் சுவரில் மீனாட்சி கல்யாணமே வர்ணத்தில் நடந்துகொண்டிருந்தது. எதிரே மூலை வளைந்த புதுச் சிமிட்டிக் கட்டடம். அது சினிமாக் கொட்டகையாக இருக்கும் என்றான் கந்தவேல்.

படம் எழுதின வீடுதான் என்று உள்ளே போனார்கள். மாரக்காள் என்ற அம்மாள் சிவந்த கண்ணோடு அடுப்படியிலிருந்து வந்து, யாரென்றுகூடக் கேட்காமல் பணியாரம் வைத்தாள். அங்கம்மாள் சுவரையே பார்த்தபடி மனம் நிறைந்து சாப்பிட்டாள். பிறகுதான் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தாள். தனக்கு மகனே இல்லை என்று சிரித்தாள் மாரக்காள்.

"மண்டிக்காரங்க ஊடு எதுத்தாப்புலீங்க. அந்தச் சிமிட்டி ஊடு."

வாசலுக்கு வந்ததும் கந்தவேல் அக்காளைப் பிடித்துக்கொண்டான். "சம்மதத்த இங்கயே தின்னு தீத்துட்டயே அக்கா. பேசாம பஸ்ஸுக்குப் போலாம்."

"அது பசிக்குத் தின்னது. நட."

சிமிட்டி வீட்டில் அர்த்தநாரியின் தாய் கந்தம்மாள் வரவேற்றாள். தெருவைப் பார்த்த முதல் அறையே சமையலறை. அடுப்படியை யாராவது வாசலில் வைப்பார்களா என்று கந்தவேல் முணுமுணுத்தான். பெரிய ஜன்னல், புகைக் கூண்டு, நின்றபடியே சமைக்க இடுப்புயர மேடை. பின்கட்டில் வைக்கலாம் என்ற மேஸ்திரியோடு கந்தம்மாள் சண்டையே போட்டாளாம்.

"பொகையில எங்கண்ணு எரிஞ்சது போதுமுங்க. வாரவளுக்கும் எதுக்கு?"

அங்கம்மாள் மேடைப் பக்கம் போய் நின்றாள். காற்று முகத்தில் அடித்தது. இங்கே நின்றால் தன் மகளுக்குக் கண் சிவக்காது.

வழக்கம் தெரிந்த கந்தம்மாள் பலகாரம் எதுவும் நீட்டவில்லை. தண்ணீர்ச் செம்போடு காத்திருந்தாள்.

"ஏனுங்க, தோச மாவு இருக்குதுங்களா?" என்று கேட்டாள் அங்கம்மாள்.

கந்தம்மாள் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள்.

"எந்தம்பிக்கும் ஒண்ணு ஊத்துங்க."